அமெரிக்க உள்நாட்டுப் போர் எதனால் மூண்டது, எப்படி நடந்தது?

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக நடந்தது என்றே பள்ளியில் படித்தோம். ஆனால் மாநில உரிமையும் சுங்கவரியும்தான் உண்மைக் காரணங்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். அடிமைகளை விடுவிப்பது தம் நோக்கமன்று என்று லிங்கனே எழுதியிருக்கிறார். இவற்றில் எதை நம்புவது என்பது கேள்வி. தென்மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தது அடிமைமுறையைக் காப்பதற்காக. வடமாநிலங்கள் ஆயுதம் எடுத்தது அந்தப் பிரிவினையைத் தடுப்பதற்காக. பிரிவினைக்கு என்ன காரணம், பிரிவினையை எதிர்த்தவர்களின் தொடக்க நோக்கம் என்ன என்ற இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் இன்றும் முடியாமல் நீள்கிறது. ஒன்றியத்தைக் காக்கத் தொடங்கிய போர் இரண்டு ஆண்டுகளுக்குள் அடிமைமுறையை ஒழிக்கும் போராக மாறிய விதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை முழுமையாகும்.

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் அடிமை என்ற சொல்லே கிடையாது. ஆனால் அடிமைமுறை அதற்குள் பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட வேண்டும் என்ற விதியால், வாக்குரிமையே இல்லாத மக்களின் எண்ணிக்கை அவர்களுடைய உரிமையாளர்களின் அரசியல் வலிமையைக் கூட்டியது. தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றொரு விதியும், அடிமை இறக்குமதியை 1808க்கு முன் தடை செய்யக் கூடாது என்றொரு விதியும் இருந்தன. இந்தச் சமரசங்களைச் செய்தவர்களில் பலர் அடிமைமுறை தானாகவே தேய்ந்து மறைந்துவிடும் என்று எண்ணினர். வட மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டு வந்தன. வர்ஜீனியாவிலோ புகையிலைச் சாகுபடியால் மண் வளமிழந்துகொண்டிருந்தது. ஆகவே அந்த எண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்ல முடியாது.

அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது பருத்தி. 1793இல் எலி விட்னி உருவாக்கிய கொட்டை நீக்கும் இயந்திரம், கடற்கரையிலிருந்து தள்ளியிருந்த உள்நிலங்களில் விளையும் குட்டை இழைப் பருத்தியை இலாபப் பயிராக்கியது. பிரிட்டனின் நூற்பாலைகளோ எவ்வளவு பஞ்சு வந்தாலும் வாங்கிக்கொண்டன. 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. இறக்குமதி 1808இலேயே தடை செய்யப்பட்டதால் இந்தப் பெருக்கம் பெரும்பாலும் அங்கேயே பிறந்த குழந்தைகளால் ஆனது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானா ஆகிய பருத்தி நிலங்களுக்கு ஏறக்குறைய 10 லட்சம் பேர் விற்கப்பட்டோ உரிமையாளர்களால் இடம்பெயர்த்தோ கொண்டுசெல்லப்பட்டனர். கணவனை மனைவியிடமிருந்தும் பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரித்து விற்பது அந்த வணிகத்தின் அன்றாட நடைமுறை. 1850களில் அமெரிக்காவின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியிலிருந்தே வந்தது. அடிமைகளின் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கும் அதிகம். நாட்டின் இரயில் பாதைகளிலும் ஆலைகளிலும் போடப்பட்டிருந்த மூலதனத்தை ஒன்றாகச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. பணம் கொடுத்து அடிமைகளை விடுவித்திருந்தால் போரே வந்திருக்காதே என்று கேட்பவர்கள் இந்தத் தொகையைக் கருத வேண்டும். அதைவிட முக்கியமாக, விற்க மனமில்லாதவர்களிடம் விலை பேச முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வடக்கின் கைகளும் சுத்தமானவையல்ல. தெற்கின் பஞ்சுக்கு நியூயார்க் வங்கிகள் கடன் கொடுத்தன, வடக்கின் கப்பல்கள் அதைச் சுமந்தன, மாசச்சூசெட்ஸ் ஆலைகள் அதை நூற்றன.

ஏற்கெனவே அடிமைமுறை நிலவிய மாநிலங்களில் அதை ஒழிப்பதைப் பற்றிய சண்டையாக இந்தப் பூசல் தொடங்கவில்லை. அங்கே கை வைக்கக் கூட்டாட்சி அரசுக்கு அதிகாரமில்லை என்பதை வடக்கின் பெரும்பாலான அரசியல்வாதிகள் ஏற்றுக்கொண்டிருந்தனர். மேற்கே புதிதாகச் சேர்க்கப்படும் நிலப்பகுதிகளில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்பதே சண்டை. ஒவ்வொரு புதிய மாநிலமும் செனட்டுக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் என்பதால், மக்கள்தொகையில் பின்தங்கிவந்த தெற்கு, செனட்டில் சமநிலையைக் காத்துக்கொள்ளப் புதிய அடிமை மாநிலங்களை நம்பியிருந்தது. 1820இல் மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலமாகவும் சேர்த்து, முன்பு பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா கொள்முதல் நிலத்தின் எஞ்சிய பகுதியில் 36 பாகை 30 கலை அகலக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாதென்று ஒரு சமரசம் செய்தார்கள். 1846இல் தொடங்கி 1848இல் முடிந்த மெக்சிகோ போரில் மிகப் பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்ததும் அந்தச் சமரசம் போதாமல் போயிற்று. 1850இல் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாகச் சேர்க்கப்பட்டது; அதற்கு ஈடாகத் தெற்கு கேட்டுப் பெற்றது தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்கும் கடுமையான சட்டம்.

இந்தச் சட்டத்தை மாநில உரிமை வாதம் பேசுவோர் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். வடமாநிலங்களின் எல்லைக்குள் நுழைந்து ஆளைப் பிடிக்கக் கூட்டாட்சி அதிகாரிகளுக்கு அது உரிமை கொடுத்தது. பிடிப்பதற்கு உதவும்படி சாதாரணக் குடிமக்களையும் கட்டாயப்படுத்தியது. பிடிபட்டவருக்கு நடுவர் குழு விசாரணை கிடையாது. விசாரிக்கும் ஆணையர் அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம் பெறுவார். 1854இல் பாஸ்டன் நகரில் பிடிபட்ட அந்தோணி பர்ன்ஸ் என்பவரைத் துறைமுகம் வரை கொண்டுசெல்லப் படைவீரர்கள் தெருவெங்கும் காவல் நின்றார்கள். விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றபோது, கூட்டாட்சியின் மேலாண்மையை முன்வைத்து அத்தீர்ப்பை 1859இல் உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது. தெற்கு அதை வரவேற்றது. மாநில உரிமை என்ற கொள்கையைத் தெற்கு தனக்கு வேண்டியபோது உயர்த்திப் பிடித்தது, வேண்டாதபோது கீழே போட்டது. வரலாற்றுப் பதிவுகள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அதைத் தனிக் காரணமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதன் பிறகு நிகழ்வுகள் வேகமெடுத்தன. 1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1820இன் எல்லைக்கோட்டை அழித்து, அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. இரு தரப்பும் கான்சஸுக்கு ஆட்களை அனுப்பின. மிசௌரியிலிருந்து எல்லை தாண்டி வந்து கள்ள வாக்குப் போட்டார்கள். பிறகு துப்பாக்கிச் சண்டையும் படுகொலைகளும் நடந்தன. அடிமைமுறைப் பரவலை எதிர்ப்பதற்கென்றே குடியரசுக் கட்சி பிறந்தது. 1856 மே மாதம், கான்சஸ் பற்றிக் கடுமையாகப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, தென் கரோலினா பிரதிநிதி பிரஸ்டன் புரூக்ஸ் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். 1857இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, கறுப்பினத்தவர் சுதந்திரமானவராக இருந்தாலும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்றும், நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றும் தீர்ப்பெழுதினார். புதிய கட்சியின் அடிப்படைக் கொள்கையே சட்டவிரோதம் என்று சொன்னது போலாயிற்று. 1859 அக்டோபரில் அடிமைமுறை எதிர்ப்பாளரான ஜான் பிரவுன் ஒரு சிறு குழுவுடன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றி அடிமைக் கிளர்ச்சியைத் தூண்ட முயன்றார். முயற்சி இரண்டு நாளில் முறியடிக்கப்பட்டு, டிசம்பர் 2 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். வடக்கில் சிலர் அவரைத் தியாகி என்று போற்றியது தெற்கை மேலும் மிரளச் செய்தது.

1860 தேர்தலில் நான்கு பேர் போட்டியிட, ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குகளுடன் ஆபிரகாம் லிங்கன் வென்றார். தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் பெயருக்கு வாக்குச் சீட்டே இல்லை. தெற்கின் ஆதரவு சிறிதும் இல்லாமலே ஒருவர் குடியரசுத் தலைவராகிவிட முடியும் என்பதுதான் அங்கே உண்மையான அதிர்ச்சி. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. பிப்ரவரி தொடக்கத்துக்குள் மிசிசிப்பி, புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சாஸ் ஆகியவையும் பிரிந்து, ஜெபர்சன் டேவிஸ் தலைமையில் ஒரு கூட்டமைப்பை நிறுவின.

ஏன் பிரிந்தோம் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரும் பொருளாதார நலனாகிய அடிமைமுறையோடு தங்கள் நிலைப்பாடு முற்றிலும் பிணைந்தது என்கிறது மிசிசிப்பியின் அறிக்கை. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர வடமாநிலங்கள் மறுத்ததைக் குற்றமாகப் பட்டியலிடுகிறது தென் கரோலினாவின் அறிக்கை. அதாவது வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே குறை. கூட்டமைப்பின் அரசியலமைப்போ, கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் தன் நாடாளுமன்றம் இயற்றக் கூடாதென்று தடுத்தது. கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசினார். தோற்ற பிறகு அதே ஸ்டீபன்ஸ், போர் அரசியலமைப்புத் தத்துவத்தைப் பற்றியது என்று பெரிய நூலே எழுதினார். மாநில உரிமை விளக்கத்தின் பெரும்பகுதி இப்படித் தோல்விக்குப் பின் எழுதப்பட்டதுதான். சுங்கவரிப் பூசல் உண்மையில் கொழுந்துவிட்டது 1832-33இல். 1857இன் வரி மிகக் குறைவானது. அதை உயர்த்திய மாரில் சட்டம் நிறைவேறியது 1861 மார்ச்சில், ஏழு மாநிலங்களும் வெளியேறிய பிறகு. பிரிந்த மாநிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வெள்ளையர் குடும்பத்திடமே அடிமைகள் இருந்தனர் என்பதால் மற்றவர்கள் எதற்காகப் போரிட்டார்கள் என்ற கேள்வி எழும். ஊரைக் காக்க, கட்டாய ஆள்சேர்ப்பால் எனப் பல காரணங்கள் உண்டு. எவ்வளவு ஏழையானாலும் வெள்ளையர் கடைநிலைக்கு இறங்காமல் தாங்கிய சமூக ஏணியும் அவற்றில் ஒன்று.

1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டையைக் கூட்டமைப்பின் பீரங்கிகள் தாக்கின. லிங்கன் 75,000 தன்னார்வப் படைவீரர்களைக் கோரியதும் வர்ஜீனியா, ஆர்கன்சா, டென்னசி, வட கரோலினா ஆகியவையும் பிரிந்தன. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் ஒன்றியத்திலேயே இருந்தன. தொடக்க ஆண்டுகளில் லிங்கன் காட்டிய தயக்கத்தில் பாதிக்கு மேல் இந்த நான்கையும் இழந்துவிடக் கூடாது என்ற கணக்குதான்.

வடக்கில் சுமார் 2.2 கோடி மக்கள். தெற்கில் 90 லட்சம், அவர்களில் 35 லட்சம் பேர் அடிமைகள். ஆலைகளும் இரயில் பாதைகளும் கப்பல்களும் பெரும்பாலும் வடக்கில்தான். ஆயினும் தெற்கு வெல்ல வேண்டியதில்லை. வடக்கு சலித்துப்போகும் வரை தாக்குப்பிடித்தால் போதும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் போர் ஏன் நான்கு ஆண்டு நீண்டது என்பது விளங்கும். 1861 ஜூலையில் புல் ரன் ஓடைக்கரையில் வடக்கின் படை சிதறி வாஷிங்டனுக்கு ஓடிவந்தது. கிழக்கே வடக்கின் தளபதி ஜார்ஜ் மெக்லெல்லன் தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் நகரை நெருங்கியும் பிடிக்க முடியாமல் பின்வாங்க, 1862 ஜூனில் தெற்கின் படைத்தலைமையை ஏற்ற ராபர்ட் லீ அடுத்தடுத்து வென்றார். மேற்கே கதை வேறு: அங்கே வடக்கின் தளபதி யுலிசிஸ் கிராண்ட் அதே ஆண்டு பிப்ரவரியில் ஹென்றி, டொனல்சன் கோட்டைகளைப் பிடித்து ஏப்ரலில் ஷைலோவில் பெரும் இழப்புடன் வென்றார்; அதே மாதம் கடற்படை நியூ ஆர்லியன்ஸைக் கைப்பற்றியது. கரையெங்கும் கடல்முற்றுகை மெல்ல இறுகியது. பெரும்பாலான கதைகள் கிழக்கின் போர்க்களங்களைச் சுற்றியே சொல்லப்பட்டாலும், போரின் முடிவு மேற்கின் ஆறுகளில்தான் தீர்மானமாயிற்று என்பது என் கருத்து.

போரின் நோக்கத்தை மாற்றியதில் முதல் அடி எடுத்து வைத்தவர்கள் அடிமைகளே. 1861 மே மாதம், தெற்கின் படைக்காக அரண் கட்டும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்த மூன்று பேர் இரவோடிரவாகப் படகேறி, வர்ஜீனியாவில் ஒன்றியத்தின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தனர். உரிமையாளரின் பிரதிநிதி அவர்களைத் திருப்பிக் கேட்டு வந்தபோது, அடிப்படையில் வழக்கறிஞரான தளபதி பெஞ்சமின் பட்லர், வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று சொல்லிக்கொள்வதால் அமெரிக்கச் சட்டம் அதற்குப் பொருந்தாதென்றும், எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்தைப் பறிமுதல் செய்யலாமென்றும் வாதிட்டுத் தர மறுத்தார். மனிதர்களைச் சொத்து என்று ஏற்றுக்கொண்டே அவர்களுக்குப் புகலிடம் அளித்த விசித்திரமான வாதம் அது. செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கிலும் பிறகு ஆயிரக்கணக்கிலும் மக்கள் ஒன்றியப் படை முகாம்களுக்கு வந்தனர். 1862 மே மாதம் சார்ல்ஸ்டனில் அடிமையாக இருந்த ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற கப்பலோட்டி, பிளாண்டர் என்ற கூட்டமைப்புக் கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிவந்து ஒன்றியக் கடற்படையிடம் ஒப்படைத்தார். இவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் 1861லும் 1862லும் பறிமுதல் சட்டங்கள் இயற்றிப் படிப்படியாக விடை சொன்னது.

லிங்கனின் புகழ்பெற்ற கடிதம் 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகையாசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதப்பட்டது. ஒன்றியத்தைக் காப்பதே தம் முதன்மை நோக்கம், எந்த அடிமையையும் விடுவிக்காமல் அதைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று அதில் எழுதினார். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் படித்துக் காட்டியிருந்தார். தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் கையறுநிலையின் கூக்குரலாகத் தோன்றும், ஒரு வெற்றிக்குக் காத்திருக்கலாம் என்று வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்ட் கூறியதால் அதை மேசைக்குள் வைத்திருந்தார். இதை அறிந்து படித்தால், அந்தக் கடிதம் வரப்போகும் முடிவுக்கு வடக்கின் பொதுமக்களைத் தயார்செய்யும் முயற்சியாகத் தெரியும். செப்டம்பர் 17 அன்று ஆண்டீட்டம் ஓடையருகே ஒரே நாளில் இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் என இரு தரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர் வீழ்ந்தனர். லீ பின்வாங்கியதை வெற்றியாகக் கொண்டு ஐந்து நாளில் முன்னறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி 1 அன்று பிரகடனம் நடைமுறைக்கு வந்தது.

போர்க்காலப் படைத்தலைவர் என்ற அதிகாரத்தால் பிறப்பிக்கப்பட்டதால், கிளர்ச்சி செய்யும் பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. எல்லையோர மாநிலங்களுக்கும், ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட சில பகுதிகளுக்கும் பொருந்தவில்லை. ஆனால் அதன்பின் ஒன்றியப் படை முன்னேறிய ஒவ்வொரு மைலும் சட்டப்படி விடுதலை நிலமாயிற்று. பிரிட்டன் தெற்கை அங்கீகரிக்கும் வாய்ப்பும் மங்கியது. பஞ்சு கிடைக்காமல் பிரிட்டன் தங்கள் பக்கம் சாயும் என்பதே தெற்கின் வெளியுறவுக் கொள்கையாக இருந்தது. லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடந்து தொழிலாளர்கள் பட்டினி கிடந்தது உண்மை. ஆனால் எகிப்தும் இந்தியாவும் ஓரளவு ஈடுசெய்தன. பம்பாயில் பஞ்சுப் பணம் குவிந்து 1865இல் போர் முடிந்ததும் பெரும் சரிவு ஏற்பட்டது. திருநெல்வேலிப் பஞ்சுக்கும் அந்தச் சில ஆண்டுகள் நல்ல விலை இருந்தது.

1863 ஜூலை முதல் வாரத்தில் போர் திரும்பியது. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த லீ, கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் போரிட்டுத் தோற்றார். இரு தரப்பிலும் சேர்ந்து இழப்பு 50,000 அளவில். மறுநாள், ஜூலை 4 அன்று, நீண்ட முற்றுகைக்குப் பின், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க் கிராண்டிடம் சரணடைந்தது. சில நாளில் மிசிசிப்பி ஆறு முழுவதும் ஒன்றியத்தின் வசமாகி, தெற்கு இரண்டாகத் துண்டானது. அதே மாதம் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு என்ற விதிமீது ஏழைத் தொழிலாளர்களுக்கு இருந்த கோபம், கறுப்பினத்தவரைத் தேடிக் கொல்லும் வெறியாக மாறியது. அந்த வாரத்தின் இறுதியில், ஜூலை 18 அன்று, மாசச்சூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள் சார்ல்ஸ்டன் அருகே தெற்கின் வசமிருந்த வாக்னர் கோட்டையின் மதிலை நோக்கி ஓடி மடிந்தார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் தரைப்படையில் சேர்ந்தனர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். 1864 ஜூனில்தான் இது சரிசெய்யப்பட்டது. பிடிபட்டால் இவர்களுக்குப் போர்க்கைதி என்ற பாதுகாப்பும் உறுதியில்லை. 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் சரணடைய முயன்ற பலர் கொல்லப்பட்டனர்.

1864 மார்ச்சில் ஒன்றியப் படைகள் அனைத்துக்கும் கிராண்ட் தலைவரானார். லீயின் படையை விடாமல் துரத்தி வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா, கோல்ட் ஹார்பர் ஆகிய இடங்களில் கொடிய இழப்புகளைச் சந்தித்து, பீட்டர்ஸ்பர்க்கை முற்றுகையிட்டார். வரவிருந்த தேர்தலில் தாம் தோற்போம் என்றே அந்தக் கோடையில் லிங்கன் நம்பினார். செப்டம்பர் 2 அன்று ஒன்றியத் தளபதி வில்லியம் ஷெர்மன் ஜார்ஜியாவின் அட்லாண்டாவைப் பிடித்தது நிலைமையை மாற்றியது. நவம்பரில் லிங்கன் எளிதாக வென்றார். ஷெர்மனின் படை ஜார்ஜியாவின் இரயில் பாதைகளையும் களஞ்சியங்களையும் அழித்தபடி கடற்கரை வரை நடந்தது. 1865 மார்ச்சில், கடைசி நேரத்தில், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கத் தெற்கின் நாடாளுமன்றமே அனுமதித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ரிச்மண்ட் வீழ்ந்தது; ஏப்ரல் 9 அன்று அப்பமாட்டாக்ஸில் லீ சரணடைந்தார். ஐந்து நாள் கழித்து லிங்கன் சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார்.

போரில் இறந்தவர்கள் 6,20,000 என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மக்கள்தொகைப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட பிற்கால மதிப்பீடு 7,50,000 வரை போகிறது. இவர்களில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிட முகாம்களில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு போன்ற நோய்களால் இறந்தவர்களே அதிகம். டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்டது ஜூன் 19 அன்றுதான். ஒன்றியத்தில் நீடித்த கென்டக்கியிலும் டெலவேரிலும் அதன் பிறகும் அடிமைமுறை சட்டப்படி இருந்தது. 1865 டிசம்பரில் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதே அங்கே முடிந்தது. ஷெர்மன் தென்கிழக்குக் கடலோரத்தில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கென ஒதுக்கிய நிலங்களைப் புதிய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். அந்த ஆண்டின் இறுதியிலேயே மிசிசிப்பியும் தென் கரோலினாவும் கறுப்பினத்தவரின் உழைப்பையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றத் தொடங்கின. அதற்கு எதிர்வினையாகவே குடியுரிமையை உறுதிசெய்யும் 14ஆம் திருத்தம் 1868லும், வாக்குரிமையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் திருத்தம் 1870லும் வந்தன.